நுன்சியாவின் இருபத்திரண்டு மனுக்கள்

பெர்காமோவுக்கு வடக்கே, செரியோ ஆற்றங்கரையில் இருந்த அந்த நடுநிலைப் பள்ளியில் காலை பத்தரைக்கு மணி அடித்ததும் இரண்டு காரியங்கள் நடக்கும். பிள்ளைகள் முற்றத்துக்கு ஓடுவார்கள். ஆயா நுன்சியாவும் ஆபீஸ் கிளார்க் ஒர்னெல்லாவும் துடைப்பங்கள் வைக்கும் அறையில் காபிக் கெண்டியை அடுப்பில் ஏற்றிவிட்டு, ஒருத்தியை ஒருத்தி இகழ உட்காருவார்கள்.

விஷயம் ஒன்றே ஒன்றுதான். இத்தாலியில் மனிதர்கள் வாழத் தகுந்த இடம் எது? நாட்டின் கால்விரல் நுனியில் இருக்கும் கலாப்ரியாவா, தலைமாட்டில் இருக்கும் இந்த மலையடிவாரமா? இருபத்திரண்டு வருஷமாகத் தீர்ப்பு வரவில்லை.

"நேத்து டிவியில உங்க பக்கத்து ரோடு ஒண்ணு காட்டினாங்க," என்று ஒர்னெல்லா ஆரம்பிப்பாள். நெட்டையான பெண். சட்டையின் மேல் பொத்தான்வரை போட்டிருப்பாள். முப்பது வருஷ உத்தியோகத்தில் ஒரு காகிதம் தொலைத்ததில்லை என்பது அவளுக்குக் கிரீடம். "பாதி ரோடுதான் இருந்துது. மீதியை அடுத்த எலெக்‌ஷனுக்குப் போடுவாங்களாம்."

"பாதியா இருந்தாலும் அது கடலுக்குப் போகுது. உங்க முழு ரோடு எங்கே போகுது? ஒரு ஃபேக்டரியிலேருந்து இன்னொரு ஃபேக்டரிக்கு."

"ஃபேக்டரிக்குப் போறவன் சம்பளம் வாங்குவான். கடலுக்குப் போறவன் என்ன வாங்குவான்? ஜலதோஷமா?"

"சோளக் களியைத் தின்னுட்டு ஏழு மணிக்குக் கதவைச் சாத்திக்கற ஜனங்களுக்குக் கடலைப் பத்தி என்ன தெரியும்? எங்க ஊர்ல ஒருத்தர் செத்தா தெருவே வந்து நிக்கும். எங்க கட்டடத்துல மூணாவது மாடிக்காரர் செத்தது எனக்கு எப்படித் தெரிஞ்சுது தெரியுமா? லிஃப்ட்ல ஒரு சீட்டு. பக்கத்துலயே குழாய் ரிப்பேருக்கு ஒரு சீட்டு. குழாய்ச் சீட்டுதான் பெரிசு!"

"குழாய் ரிப்பேர் ஆகும். அவர் இனிமே ரிப்பேர் ஆவாரா?"

நடுவில் கணக்கு வாத்தியார் துல்லியோ கையில் கோப்பையோடு எட்டிப் பார்ப்பார். அவர் ரோம்காரர். "ரெண்டு பட்டிக்காட்டுக்கு நடுவுல எதுக்கும்மா இவ்வளவு சண்டை? ரோமை விட்டா இத்தாலியில மத்ததெல்லாம் வண்டி நிறுத்தற இடம்தான்," என்பார்.

"ரோம்ல குப்பை லாரி வர ஆரம்பிச்சுடுச்சா சார்?" என்று ஒர்னெல்லா கேட்பாள். அந்த ஒரு நொடி மட்டும் தெற்கும் வடக்கும் சேர்ந்து சிரிக்கும். துல்லியோ காபியை எடுத்துக்கொண்டு நழுவிவிடுவார்.

இந்தச் சண்டைகளில் நுன்சியாவுக்கு ஒரு பிரம்மாஸ்திரம் உண்டு. அதுதான் டிரான்ஸ்ஃபர் மனு. ஒவ்வொரு மார்ச் மாதமும் அவள் கோட்டை மாட்டிக்கொண்டு, உதட்டுக்குச் சாயம் பூசிக்கொண்டு, ஆபீஸ் கண்ணாடி ஜன்னல் முன்னால் போய் நின்று மனு கொடுப்பாள். போக விரும்பும் ஊர்களை எழுத அந்தப் படிவத்தில் பதினைந்து வரிகள் இருக்கும். தெற்கே திரும்பத் துடிக்கும் மற்ற ஆசிரியர்களும் ஆயாக்களும் பதினைந்தையும் நிரப்பிவிட்டு, ஓரத்தில் இன்னும் நாலு ஊரைப் பொடி எழுத்தில் எழுதிப் பார்ப்பார்கள். நுன்சியா எழுதுவது ஒரே ஒரு வரி. ரொக்காஸ்பீனா தொடக்கப்பள்ளி. அவள் பிறந்த மலைக்கிராமம்.

"பதினாலு வரி சும்மா கெடக்கு," என்று ஒர்னெல்லா ஒவ்வொரு வருஷமும் சொல்வாள்.

"என் மண்ணைத் தவிர வேற மண்ணுல கால் வைக்க மாட்டேன்."

கேட்பவர்கள் நெஞ்சு உருகிப் போவார்கள். என்ன பாசம், என்ன பற்று என்று டீச்சர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். ஒருவருக்கும் தெரியாது, அந்த ஒற்றை வரிக்குள் ஒரு களவு இருந்தது.

ரொக்காஸ்பீனா பள்ளியில் வகுப்பறை இரண்டு, ஆயா வேலை ஒன்று. முதலில் அந்த வேலையில் இருந்தவள் நுன்சியாவின் சித்தி. பிறகு சித்தி மகள் ரோசெல்லா வந்து உட்கார்ந்தாள். இப்போது அவளுக்கு முப்பத்துமூன்று வயது. மலைக்காற்றில் வளர்ந்த திடகாத்திரம், தும்மல்கூட வராத உடம்பு. அவள் ஓய்வு பெறும் நாளில் நுன்சியா எண்பதைத் தாண்டியிருப்பாள். ஆகவே மனு கொடுத்த பெயரும் இருக்கும், மனு ஒருநாளும் பலிக்காது. நுன்சியா கோர்ட் படி ஏறாத வக்கீல்தான். இருபத்திரண்டு வருஷமாக அவள் கேட்டது போகும் உத்தரவை அல்ல. போகாமல் இருக்கும் உத்தரவை.

ஏன் என்று கேட்டால், அவளுடைய கதையைச் சொல்ல வேண்டும்.

தாய் இறந்தபோது நுன்சியாவுக்குப் பத்தொன்பது வயது. அண்ணன் கோசிமோவுக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். மறுவருஷம் அப்பா படுக்கையில் விழுந்தார். யாரும் யாரையும் எதையும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? வீட்டில் கல்யாணமாகாத பெண் ஒருத்தி இருந்தாள். பதினோரு வருஷம் அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டினாள். அண்ணன் பிள்ளைகளை, பிறகு பிறந்த மூன்றாவதையும் சேர்த்து, வளர்த்தாள். அண்ணி தெரேசினா மடிப்புக் கலையாத சீமாட்டியாக ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போய் வந்தாள். நுன்சியாவைப் பெண் கேட்டு ஒருத்தன் வந்தான், பக்கத்து ஊர்த் தச்சன். கோசிமோ அவனைத் திராட்சைத் தோட்டத்துக்கு அழைத்துப்போய் என்ன சொன்னானோ, அவன் பின்னால் திரும்பிப் பாராமல் போனான். "அவன் காலு கொஞ்சம் சாய்வும்மா, உனக்குச் சரிப்படாது," என்றான் அண்ணன். தச்சனின் கால் நேராகத்தான் இருந்தது. சாய்வு வேறெங்கோ இருந்தது.

அப்பா போய்ச் சேர்ந்த மறுவருஷம் அரசு வேலைப் பட்டியலில் அவள் பெயர் வந்தது. வடக்கே, பெர்காமோ பக்கம். முப்பத்திரண்டு வயதில் இரண்டு பெட்டியோடு ரயில் ஏறினாள். பிளாட்பாரத்தில் கோசிமோ மார்பில் அடித்துக்கொண்டு அழுதான். "ரெண்டே வருஷம்! அப்புறம் டிரான்ஸ்ஃபர் வாங்கிட்டு வந்துடணும்! நம்ம அம்மா மேல சத்தியம் பண்ணு!" அவள் சத்தியம் பண்ணினாள்.

வந்து சேர்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. வெளியே கையை நீட்டினால் விரல் தெரியாத பனி. ஒற்றை அறை, ஒற்றை ஜன்னல், ஒற்றைச் சாவி. மத்தியானம் மூன்று மணிவரை அவள் ஒன்றுமே சமைக்கவில்லை. பிறகு பசித்தது. ரொட்டியில் ஒரு நெத்திலியை வைத்து, ஜன்னலண்டை நின்றபடியே தின்றாள். சாஸ் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. சட்டை இஸ்திரி ஆயிற்றா என்று யாரும் கேட்கவில்லை. முப்பத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, தனக்குப் பசித்த நேரத்தில், தனக்குப் பிடித்ததை, தன் கையால் தின்றிருந்தாள். நெத்திலியின் உப்பா கண்ணீரின் உப்பா என்று தெரியாமல் விம்மி விம்மி அழுதாள். இவ்வளவு அருவருப்பான ஊரில் இவ்வளவு சந்தோஷம் எப்படி இருக்கிறது என்று அவளுக்கு விளங்கவில்லை.

அதை யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் அண்ணனுக்குத் துரோகி, ஊருக்குத் துரோகி, அம்மா மேல் பண்ணிய சத்தியத்துக்குத் துரோகி. ஆகவே பனியைத் திட்டினாள். காபியைத் திட்டினாள், களியைத் திட்டினாள், வணக்கம் சொன்னால் கடிகாரத்தைப் பார்க்கும் ஜனங்களைத் திட்டினாள். திட்டத் திட்ட அவளுடைய ஒற்றை அறை இன்னும் பத்திரமானது.

ஆகஸ்ட் மாதம் இரண்டு வாரம் ஊருக்குப் போவாள். போன அன்றே தெரேசினா தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்துவிடுவாள். ஒன்பது பேருக்கு மூன்று வேளை. மாலையில் கோசிமோ வாசலில் உட்கார்ந்து, போவோர் வருவோரிடமெல்லாம் தங்கை பனியில் வாடுகிறாள் என்று புலம்புவான். உள்ளே தங்கை பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்கென்று ஓர் அறை அங்கே தயாராக இருந்தது. சமையற்கட்டுக்குப் பின்னால், எண்ணெய் ஜாடிகளுக்குப் பக்கத்தில். அந்த அறையில் ஜன்னல் கிடையாது. கட்டிலுக்கு முன்பே இஸ்திரிப் பலகை வந்து சேர்ந்திருந்தது.

இருபத்திரண்டாவது மனு கொடுத்த வருஷம் மே மாதம், பத்தரை மணிக் காபி நேரத்தில் நுன்சியாவின் கைபேசி அலறியது. கோசிமோவுக்குக் கைபேசியில் மெதுவாகப் பேச வராது. நடுவில் எண்ணூறு மைல் இருப்பதை அவன் குரலாலேயே கடக்கப் பார்ப்பான்.

"தங்கச்சி! உக்காந்திருக்கியா? உக்காரு! ரோசெல்லா போறா!"

"எங்கண்ணே போறா? செத்துட்டாளா?"

"வாயைக் கழுவு! டிரான்ஸ்ஃபர் கேட்டு எழுதிட்டாளாம். அவ புருஷனுக்கு உங்க பக்கம் ஏதோ ஃபேக்டரியில வேலையாம். பெர்காமோவுக்கு வர்றா! கேட்டா, 'இந்த மலையில கழுதைகூட நிக்காது'ன்னு சொல்றா, திமிரு பிடிச்சவ. இடம் காலி ஆகுது, தங்கச்சி! இருபத்திரண்டு வருஷ சர்வீஸுக்கு உனக்குச் சேர்ந்திருக்கற புள்ளிக்கு முன்னாடி எவன் நிக்க முடியும்? தெரேசினா உன் அறைக்கு வெள்ளை அடிக்கச் சொல்லிட்டா! அவளுக்கு இடுப்பு சுத்தமா போச்சு, எனக்கும் முழங்கால் முடியலை. ஆண்டவனா பார்த்து உன்னைக் கொண்டுவர்றான்!"

அந்தச் சிறிய அறையில் ஒவ்வொரு சொல்லும் எல்லார் காதிலும் விழுந்தது. துல்லியோ கோப்பையை உயர்த்தினார். வரலாறு டீச்சர் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "இருபத்திரண்டு வருஷத் தவம்!" என்று யாரோ கத்தினார்கள். கேக் வாங்க வேண்டும் என்று இன்னொருத்தி கிளம்பினாள்.

ஒர்னெல்லா மட்டும் எழுந்திருக்கவில்லை. கரண்டியால் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே, "கடைசியில போய்த் தொலையப் போறே," என்றாள். "நல்லது. இனிமே காலையில கொஞ்சம் அமைதியா இருக்கும்."

நுன்சியா சிரித்தாள். இருபத்திரண்டு வருஷமாகப் பழகிய முகம், அதுவாகச் சிரித்துக்கொண்டது. உள்ளே அவள் நெஞ்சு கிணற்றில் விழுந்த வாளி மாதிரி இறங்கிக்கொண்டே போயிற்று. வெள்ளை அடித்த, ஜன்னல் இல்லாத அறை. அதுவும் இனி இரண்டு வாரத்துக்கல்ல. ஆயுசுக்கும்.

தப்பிக்க ஒரு வழி இருந்தது. மனுவை வாபஸ் வாங்கலாம். அறிவிப்புப் பலகையில் ஒர்னெல்லாவே குத்திவைத்த தாள் சொன்னது: வரும் வெள்ளிக்கிழமை நண்பகல் பன்னிரண்டு மணிக்குள், காரணத்தோடு, ஆபீஸில் நேரில். அதற்குப் பிறகு ஆணை வந்துவிட்டால் வந்ததுதான், மாட்டேன் என்று சொல்ல முடியாது. வாபஸ் வாங்கப் போகலாம், ஆனால் யாரிடம்? ஒர்னெல்லாவிடம்! இருபத்திரண்டு வருஷம் களி தின்னி என்று இகழ்ந்தவளின் ஜன்னலில் போய், உன் ஊரே எனக்கு உசத்தி என்று எழுதிக் கொடுப்பதா? அதைவிட அண்ணியின் இடுப்பை ஆயுசுக்கும் தேய்க்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. மறுகணம் இஸ்திரிப் பலகை கண்முன் வந்து நின்றது.

செவ்வாய்க்கிழமை ஜன்னலுக்குப் போனாள். ஒர்னெல்லா நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன?"

"ஸ்டேப்ளர் வேணும்."

புதன்கிழமை மறுபடி போனாள்.

"என்ன, மறுபடியும் ஸ்டேப்ளரா?"

"ஜிம் சாவி. அப்புறம், உங்க ஊர் பஸ் இன்னிக்கு மூணு நிமிஷம் லேட். கடிகாரத்துக்குப் பொறந்தவங்கன்னு பீத்திக்கறீங்களே."

"மூணு நிமிஷமா? உங்க ஊர்ல பஸ்ஸே ஒரு வதந்திதான்."

வியாழக்கிழமை ஒன்றும் கேட்காமல் ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வந்தாள். இரண்டு தடவை துடைத்தாள். உள்ளேயிருந்து ஒர்னெல்லா, "கலாப்ரியாவில கண்ணாடியை இப்படித் தேச்சா உடைஞ்சுடும், அங்கே கண்ணாடியும் சோம்பேறி," என்றாள். நுன்சியா வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஒர்னெல்லா அதைக் கவனித்தாள்.

வெள்ளிக்கிழமை பதினொன்று நாற்பதுக்கு நுன்சியா கதவைத் திறந்து உள்ளே போய், கதவைச் சாத்தினாள்.

"வாபஸ் படிவம் ஒண்ணு குடு."

"யாருக்கு?"

"எனக்கு."

ஒர்னெல்லா மூக்குக்கண்ணாடியைக் கீழே இறக்கி, அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். இழுப்பறையைத் திறந்து படிவத்தை எடுத்து நீட்டினாள். நுன்சியா பெயர் எழுதினாள், தேதி எழுதினாள். காரணம் என்ற கட்டம் வந்ததும் பேனா நின்றது. உடல்நலம் என்று எழுதினாள்.

"டாக்டர் சர்ட்டிஃபிகேட்?"

"இல்லை."

"அப்போ அது செல்லாது. அதை அடிச்சுட்டு வேற எழுது."

குடும்பச் சூழ்நிலை என்று எழுதினாள்.

"உன் குடும்பம் மொத்தமும் அங்கே இருக்கு. 'வா வா'ன்னு அவர் கத்தினது மிலானோ வரைக்கும் கேட்டுது. அதையும் அடிச்சுடு. பதினொண்ணு ஐம்பது ஆச்சு."

நுன்சியா அந்த வரியையும் அடித்தாள். கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தாள். பிறகு, பிஞ்சுப் பிள்ளை எழுதுவதுபோல ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள்: எனக்கு இங்கே இருக்கப் பிடித்திருக்கிறது.

ஒர்னெல்லா படித்தாள். மறுபடி படித்தாள். அவள் முகம் சிவந்தது. வெற்றியால் அல்ல, கோபத்தால்.

"அப்போ இருபத்திரண்டு வருஷமா நான்தான் ஜெயிச்சுக்கிட்டிருந்தேனா? எனக்கே தெரியாம?"

"ஒர்னெல்லா..."

"பேசாதே! உன் கடலுக்குப் பதில் சொல்றதுக்கு நான் ராத்திரியெல்லாம் யோசிச்சிருக்கேன். குளிக்கும்போது யோசிச்சிருக்கேன். பொய்க்காரி! தெக்கத்தி நாடகக்காரி! பிடிச்சிருந்தா வாயைத் திறந்து சொல்றதுக்கு என்ன கேடு?"

அப்போதுதான் நுன்சியா சொன்னாள். அப்பாவின் பதினோரு வருஷத்தை, தச்சனின் நேரான காலை, எண்ணெய் ஜாடிகளை, கட்டிலுக்கு முன் வந்த இஸ்திரிப் பலகையை எல்லாம் சொன்னாள். அழாமல்தான் சொன்னாள். சுவரைப் பார்த்துக்கொண்டு, கடைச் சாமான் பட்டியல் படிப்பதுபோல. முடித்தபோது பன்னிரண்டுக்கு நான்கு நிமிஷம் இருந்தது.

ஒர்னெல்லா முத்திரையை மையில் அழுத்தி, படிவத்தில் ஓங்கி ஒரு குத்துக் குத்தினாள்.

"எங்க வீட்டு மாடியில என் மாமியார் இருக்கா. முப்பது வருஷம். விடிஞ்சா தடியால தரையைத் தட்டுவா, நான் மேலே ஓடணும்," என்றாள், மைப்பெட்டியை மூடிக்கொண்டே. "நீ சொன்ன அறை எங்க பக்கத்துலயும் இருக்கு. இங்கே ஜன்னல் வச்சிருப்பாங்க, அவ்வளவுதான். போ வெளியே. தரை துடைக்கற நேரம்."

ஜூன் கடைசியில் டிரான்ஸ்ஃபர் பட்டியல் வெளியாயிற்று. பள்ளிக்கு விடுமுறை விட்டாயிற்று. ஆசிரியர்கள் மதிப்பெண் தாள்களில் கையெழுத்துப் போட மட்டும் வந்து போனார்கள். அன்று காலை நுன்சியா ஆபீஸ் அறையில் மேசைக்கடியில் துடைத்துக்கொண்டிருந்தபோது கைபேசி அலறியது. ரொக்காஸ்பீனா வேலை யாரோ ஒரு முப்பது வயதுக்காரனுக்குப் போய்விட்டது. கோசிமோ பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கர்ஜித்தான்.

"உன் புள்ளியில பாதிகூட இல்லை அவனுக்கு! உன் பேரே பட்டியல்ல இல்லை! என்ன நடந்தது? சொல்லு!"

"தெரியலைண்ணே..."

"தெரியலையா? நான் வக்கீலைப் பார்க்கறேன். உன் மனு மொத்தத்தையும் அங்கேருந்து வரவழைச்சுப் பார்க்கறேன். யாரு என்ன எழுதினாங்கன்னு ஒவ்வொரு தாளா பார்க்கறேன்!"

 வரவழைத்தால் அந்த ஒரு வரியும் சேர்ந்து வரும். அவள் கைப்பட எழுதிய வரி. அண்ணன் அதைச் சர்ச் வாசலில் நின்று படித்துக் காட்டுவான். அதோடு முடியாது. மானத்துக்குப் பயந்து, அடுத்த மார்ச்சில் அவளே பதினைந்து வரியையும் நிரப்பும்படி ஆகும்.

கைபேசி அவள் கையிலிருந்து போயிற்று. ஒர்னெல்லா பிடுங்கிக்கொண்டாள்.

"வணக்கம். பள்ளி ஆபீஸ்லேருந்து ஒர்னெல்லா கிரித்தி பேசறேன். உங்க தங்கச்சி மனு போய்ச் சேரலை. நான்தான் தொலைச்சுட்டேன்."

 முப்பது வருஷத்தில் ஒரு காகிதம் தொலைக்காதவள், முதுகை நிமிர்த்தி, சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தபடி நின்றாள்.

"தொலைச்சுட்டியா? தொலைச்சுட்டியா நீ? ஒரு பொம்பளையோட வாழ்க்கையே அந்தத் தாள்ல இருந்துது! ஒழுங்கு ஒழுங்குன்னு பெருமை பேசற வடக்கத்திக்காரங்க! எங்க ஊர்ல எழுதப்படிக்கத் தெரியாதவன்கூட உன்னைவிடப் பத்திரமா வச்சிருப்பான்!"

ஒர்னெல்லாவின் கழுத்தில் சிவப்பு ஏறிக் காதுவரை போயிற்று.

"ஆமாங்க," என்றாள்.

"தலையில மூளை இருக்கா, சோளக் களி இருக்கா?"

"களிதாங்க. வக்கீலை வச்சுப் பார்த்தாலும் ஃபைல்ல ஒண்ணும் இருக்காது. தாளே இல்லையே. அந்த வேலைக்கு வந்திருக்கறவருக்கு வயசு முப்பது, அவரு ரிட்டயர் ஆகறவரைக்கும் இடம் காலி ஆகாது. என் பேரு ஒர்னெல்லா கிரித்தி. யாருகிட்ட வேணும்னாலும் சொல்லித் திட்டுங்க."

அவன் திட்டினான். முழுதாக ஏழு நிமிஷம். ஒர்னெல்லா கடைசிவரை கேட்டுவிட்டுக் கைபேசியை மேசையில் வைத்தாள். பிறகு இழுப்பறையைத் திறந்து, மார்ச் மாத மனுவையும் முத்திரை குத்திய அந்தப் படிவத்தையும் உறையிலிருந்து எடுத்து நான்காக மடித்து, தன் கைப்பைக்குள் போட்டாள். பிழையான காரியம் அது. அவள் வாழ்க்கையில் முதலாவது.

நுன்சியா தரையில் மண்டியிட்டபடியே இருந்தாள். கையில் ஈரத்துணி சொட்டிக்கொண்டிருந்தது. "உனக்கு நான் எப்படி..."

"நன்றி கின்றின்னு ஆரம்பிச்சே, அந்த வாளியை உன் தலையில கவுத்துடுவேன். எழுந்திரு. உன் அண்ணன் இந்நேரம் ரோசெல்லாவுக்குப் போன் பண்ணியிருப்பார். அவ செப்டம்பர்ல இந்தப் பக்கம் வந்து நாலு பேரை விசாரிப்பா. அதனால உன் மனுவை நான் தொலைச்சேன்னு பள்ளி பூரா தெரியணும். துல்லியோ நடைக்கூடத்துல வர்றார். திட்டு."

"என்ன?"

"என்னைத் திட்டு! சத்தமா! பாழாய்ப்போன வடக்கத்திக்காரின்னு ஆரம்பி. உனக்குத் தெரியாததா? இருபத்திரண்டு வருஷம் மூச்சு விடாம திட்டினியே!"

துல்லியோவின் காலடி நெருங்கியது. நுன்சியா எழுந்து நின்றாள். வாயைத் திறந்தாள். ஒரு வார்த்தை வரவில்லை. மறுபடி திறந்தாள். எத்தனை ஆயிரம் வசவுகளை இந்த முகத்துக்கு நேராக வீசியிருப்பாள்! எல்லாம் எங்கே போயின?  அவள் ஈரத்துணியால் முகத்தை மூடிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

துல்லியோ வாசலில் திகைத்து நின்றார். "என்னம்மா ஆச்சு?"

"என்ன ஆகும்? இவ மனுவை நான் தொலைச்சுட்டேன், ஊருக்குப் போக முடியலை," என்றாள் ஒர்னெல்லா, காகிதங்களை அடுக்கிக்கொண்டே. "அதுக்கு இந்த அழுகை, பாருங்க. எங்க பக்கத்துக்காரங்கன்னா ஒரு புகார்க் கடிதம் எழுதியிருப்பாங்க. கலாப்ரியாக்காரிக்கு அழத்தான் தெரியும்."

துல்லியோ நுன்சியாவின் தோளைத் தட்டிக்கொடுத்தார். "பாவம், சொந்த ஊர்ப் பாசம்," என்று முணுமுணுத்தார். பிறகு ஒர்னெல்லாவை ஒரு பார்வை பார்த்தார், இரக்கமற்ற வடக்கத்திக்காரியைப் பார்க்கும் பார்வை. ஒர்னெல்லா அந்தப் பார்வையை வாங்கிக்கொண்டு, சட்டையின் மேல் பொத்தானைச் சரிசெய்தாள்.